நான் புனிதப்படுத்திய பால்பேணி

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர் காலம். உலகக்கிண்ண உதைபந்தாட்டம் முடிந்து, டோர்ட்மண்ட் நகரத்துப் பல்கனிகளில் கட்டிய கொடிகள் மழையில் சாயம் போய்க்கொண்டிருந்த நாட்கள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பகலில் திருகாணி விற்கும் கம்பெனி ஒன்றின் களஞ்சியத்தில் வேலை. மாலையிலும் சனிக்கிழமைகளிலும் மொழிபெயர்ப்பாளன். முதல் வேலை சோறு தந்தது, இரண்டாவது மரியாதை தந்தது. மரியாதை சற்றுக் கூடிப்போனதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மொழிபெயர்ப்பு முறையை முதலில் விளக்கிவிட வேண்டும். எண்பதுகளில் இங்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து ஆட்களில் டொச் என்று நாங்கள் சொல்லும் ஜேர்மன் மொழி கொஞ்சம் முன்னதாகவே பிடிபட்டவன் நான். ஆகவே வைத்தியரிடமோ பள்ளிக்கூடத்திலோ யாருக்கு டேர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு, இருந்தாலும் கூட்டிக்கொண்டு போவது என்னைத்தான். எங்கள் ஆட்கள் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் சொற்களைக் கிள்ளிக் கிள்ளித்தான் வைப்பார்கள். வைத்தியர் மூன்று நிமிடம் விரிவாகக் கேள்வி கேட்பார். நம்மவர் "நோகுது" என்பார். அந்த ஒற்றைச் சொல்லை அப்படியே தூக்கிக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கும். எப்போதிலிருந்து நோகிறது, படி ஏறும்போது எப்படி, குளிர் நாளில் எப்படி என்று சோடித்து ஒரு முழுப் பந்தியாக்கிக் கொடுப்பேன். ஒரு தடவை வைத்தியர் ஒருவர், அவர் ஒரு சொல்தானே சொன்னார் என்று கேட்டார். தமிழ் சுருங்கச் சொல்லும் மொழி என்றேன். இரண்டாயிரம் வருட இலக்கியம் எனக்குப் பின்னால் நின்றதால் அவரால் மறுத்துப் பேச முடியவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், சமையல் மணக்குமா என்று கேட்டார். வீடு தேடி வந்த நம்மவர் சத்தியவான். "ஓம்" என்று தலையாட்டினார். நான் அதை, பெரும்பாலும் சலாட்தான் சாப்பிடுவார் என்று மொழிபெயர்த்தேன். வீடு கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் கருவாட்டுக் குழம்பு வைத்தார் என்பது என் பொறுப்பில் வராது.

இதையெல்லாம் நான் பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கசங்கிய சட்டைக்கு அயன் போடுவது போல என்றுதான் நினைத்தேன். நம்முடைய ஆளைக் கசங்கிய சட்டையோடு சபைக்கு அனுப்பலாமா?

எங்கள் பகுதியில் மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைக் கலை மண்டபமாக மாற்றியிருந்தார்கள். இந்தப் பிரதேசத்தில் அது வழக்கம். நிலக்கரி தீர்ந்த இடத்திலெல்லாம் கலையைத் தோண்டுவார்கள். அந்த மண்டபத்தை நடத்திய அம்மணி என்னைக் கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் கலைஞர் வருகிறார், சிக்கசா இனத்தவர், ஒரு வாரம் அவர் கூடவே இருந்து ஆங்கிலத்துக்கும் டொச்சுக்கும் நடுவில் நிற்க முடியுமா என்று கேட்டார். களஞ்சியத்தில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு நான் உடனே சம்மதித்தேன்.

சிக்கசா என்பது வட அமெரிக்காவின் ஆதிக்குடிகளில் ஒன்று. மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கம் அவர்களைக் கிளப்பி மேற்கே ஒக்லஹோமாவுக்கு அனுப்பியது. இதை வாசித்ததும், இடம்பெயர்ந்த கதை எங்களுக்குப் புதிதா, இந்தப் பெண்மணியை எனக்கு முன்பே தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஒரு மொழிபெயர்ப்பாளனைக் கெடுக்க அந்த எண்ணம் ஒன்றே போதும்.

ரயில் நிலையத்துக்குக் கூட்டிவரப் போனேன். நானும் நாலு புத்தகம் வாசிக்கிறவன்தான். ஆனாலும் ரயில் வந்து நின்றபோது என் கண்கள் கூட்டத்தில் ஓர் இறகையாவது தேடின என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறங்கி வந்தவர் கறுப்புக் காற்சட்டையும் மூக்குக் கண்ணாடியும் அணிந்து, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஐம்பது வயதுப் பெண். யாருடைய வரிக்கணக்கையோ சரிபார்க்க வந்தவர் போலிருந்தார். என் முகத்தில் ஏமாற்றம் தெரிந்திருக்க வேண்டும். காரில் ஏறியதும், தன்னுடைய ஆட்கள் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் அல்ல, மரவீடு கட்டிச் சோளம் பயிரிட்டவர்கள் என்று கேட்காமலே சொன்னார். போகிற நாடெல்லாம் இதைச் சொல்லிப் பழகிய குரல். நீங்கள் ஊரில் யானையில்தான் வேலைக்குப் போவீர்களா என்று இருபது வருடமாகக் கேட்கும் ஜேர்மன்காரர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்து வந்தவன் நான். அன்றைக்குக் கியர் மாற்றுவதில் அதிக கவனம் செலுத்தினேன்.

அந்தப் பயணத்திலேயே அவர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய சித்தி பின்னிய நாணற்கூடை ஒன்று அவர்கள் நாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம், பஞ்சு அடைத்த காட்டெருமைக்குப் பக்கத்தில். கீழே ஒரு அட்டை: செய்தவர் தெரியாது, காலம் பழையது. அந்த நேரம் சித்தி வீட்டில் உயிரோடு இருந்து தொலைக்காட்சியில் வினாவிடை நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். "நான் அவ்வளவு வயது போனவளாத் தெரியிறனோ" என்று மட்டும் சித்தி கேட்டாராம்.

(அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் எங்கள் தமிழில் தருகிறேன். இந்த முறை எதையும் சேர்க்கவில்லை. ஏன் இப்படிச் சத்தியம் செய்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.)

கண்காட்சி தொடங்கும் நாளில் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மையார் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களிடம் இரண்டு பகுதிகள். ஒன்றில் இன்றைய வடிவமைப்பு: கதிரை, மேசைவிளக்கு, கோப்பை எல்லாம் செய்தவரின் பெயரோடும் ஆண்டோடும் இருக்கும். மற்றதில் உலகத்துப் பழங்குடிப் பொருட்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கிய வெளிச்சத்தில். அம்மையாருக்குப் பிடித்தால் ஒரு படைப்பை வாங்குவார்கள்.

"எனக்கு முதலாவது பகுதிதான் வேணும்" என்றார் கலைஞர். "என்ரை பேரும் வருசமும் கீழை இருக்க வேணும். உயிரோடை இருக்கிற ஒருத்தி செய்தது எண்டு பாக்கிறவைக்குத் தெரிய வேணும். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்."

தலையாட்டினேன். நன்றாக விளங்கிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

சுரங்கத் தொழிலாளர்கள் உடைமாற்றும் கூடம்தான் இப்போது மண்டபம். அந்தக் காலத்தில் அவர்கள் தங்கள் உடுப்புகளைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியால் கூரை வரைக்கும் இழுத்துவிடுவார்கள். அந்தச் சங்கிலிகளிலேயே அவர் தன் படைப்புகளைத் தொங்கவிட்டார். ஆளுயரத்துக்கும் கூடிய அலுமினியத் தகடுகள்; அவற்றில் லேசரால் வெட்டிய சுருள்கள். அவர்களுடைய பழைய நிலத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த சங்குப் பதக்கங்களில் இருக்கும் சுருள்கள் அவை. கணினியில் வரைந்து, நீட்டி, வளைத்து, ஏதோ வானொலி அலைபோல ஆக்கியிருந்தார். ஒவ்வொரு தகட்டுக்குக் கீழும் சிறு தகரப் பேணிகள் வரிசையாகத் தொங்கின. ஊசித் துளைகளிட்ட பேணிகள், உள்ளே கூழாங்கற்கள். தகட்டைத் தொட்டால் மழை வருவதுபோல ஒரு சத்தம். உற்றுப் பார்த்தேன். எல்லாம் பால்பேணிகள். தேநீருக்கு ஊற்றுகிற கட்டிப்பால் அடைத்து வரும் அதே பேணி.

இதை எப்படிச் சபையில் சொல்வது என்று எனக்கு அப்போதே கவலை தொடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். என் மனைவி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும், மேடைதான் பிடிக்காது. இரண்டு பெண்களும் நேரே சமையலறைக்குள் போனார்கள். மனைவி அரிசிச் சாக்கைத் திறந்ததும் விருந்தாளியின் கண் அதற்குள் விழுந்தது. உள்ளே எங்கள் சுண்டு கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் அரிசி அளப்பது சுண்டால். கட்டிப்பால் பேணிதான் சுண்டு. ஒரு பேணி நிறைய அரிசி என்றால் ஒரு சுண்டு. மனைவி ஜேர்மனிக்கு விமானம் ஏறியபோது, அங்கே எதால் அளப்பார்களோ என்று யோசித்து, தன் பெட்டியில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தாள். நான் சீதனம் வாங்காதவன் என்று மேடைகளில் சொல்லிக்கொள்வதுண்டு. கண்டிப்பாகப் பார்த்தால் அந்தச் சுண்டு வந்தது. விளிம்பு நெளிந்து, ஒருபக்கம் அமுங்கி, கறுத்துப்போன பேணி. பதினேழு வருடமாக எங்கள் வீட்டுச் சோற்றை அதுதான் தீர்மானித்தது.

கலைஞர் அதை எடுத்து, உள்ளே கிடந்த அரிசியோடு காதருகே வைத்துக் குலுக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அது பழசு, எறியிறதுக்கு வைச்சிருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே லாச்சியைத் திறந்து, கிராம் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையை எடுத்து நீட்டினேன். மாமியார் எப்போதோ அனுப்பிய வெள்ளித் தட்டு ஒன்றும் இருந்தது. அதையும் எடுத்துக் காட்ட வாய்ப்புத் தேடினேன்.

"ஆர் எறியிறது?" என்றாள் மனைவி தமிழில். "உங்களையும்தான் கன நாளா வைச்சிருக்கிறன்."

விமானத்தில் வரும்போது தன்னுடைய பேணிகளில் ஒன்று நசுங்கிவிட்டது என்றும், நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்றும் கலைஞர் சொன்னார். இதைத் தரமுடியுமா என்று கேட்டார். மனைவி கொஞ்சம் யோசித்தாள். அது சாதாரண யோசனை அல்ல. இனி அளவு தப்பிச் சோறு குழையும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு பேணியைக் கழுவித் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் அன்று பின்னேரமே அதில் ஆணியால் துளை போட்டு, தன் ஊர் ஆற்றில் பொறுக்கிய கற்களை நிரப்பி, நடு வரிசையில் தொங்கவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் திறப்பு விழா. எண்பது பேர் இருக்கும். அதிகம் பேர் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களும் மனைவிமாரும். ஜேர்மனியில் வார இறுதிகளில் செவ்விந்தியர் வேடம் போட்டு, இறகு குத்திக்கொண்டு கூடாரம் அடித்துத் தங்கும் சங்கங்கள் உண்டு. அப்படி இரண்டு பேர் தோல் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அருங்காட்சியக அம்மையார் குறிப்புப் புத்தகத்தோடு அதே வரிசையில் ஓரமாக இருந்தார். என் மனைவி அவருக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தாள்.

ஒலிவாங்கி ஒன்றுதான். அது என் கையில் இருந்தது. உலகத்தில் பல தவறுகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

கலைஞர் தன் படைப்புப் பக்கம் திரும்பி நின்று, மெல்லிய குரலில், ஒக்லஹோமா இழுவையோடு பேசினார். அந்தக் கூடத்தின் எதிரொலியில் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெளிவாகக் கேட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான். அவர்களுடைய ஆட்டத்தில் ஆண்கள் பாடுவார்கள், பெண்கள் காலில் கட்டிய ஆமையோட்டுச் சதங்கைகளால் தாளம் கொடுப்பார்கள். ஓட்டுக்குள் கற்கள். ஆட்டம் மணிக்கணக்கில் நடக்கும், பாரம் அதிகம். பால்பேணியில் செய்து கட்டுவதும் அவர்களிடம் வழக்கம்தான். அவருடைய அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அக்கா ஆட்டத்தை விடக்கூடாது என்பதற்காகப் பாரம் குறைந்த சதங்கை ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார். அந்த வேலையிலிருந்துதான் இதெல்லாம் வளர்ந்தது. கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார்: இவை சடங்குப் பொருட்கள் அல்ல, நெருப்பைச் சுற்றி ஆடுவதற்கு உரியவற்றை நாங்கள் ஊரைவிட்டு வெளியே கொண்டுவருவதில்லை, இது என் கைவேலை, இந்த வருடம் செய்தது.

பால்பேணி. முழங்கால். எனக்கு என் ஆட்கள் வைத்தியர் முன்னால் "நோகுது" என்று சொல்லிவிட்டு வாயை மூடும் காட்சி கண்முன் வந்தது. இவ்வளவு தூரம் வந்த மனிசியை இந்தச் சபையில் தகரப் பேணியோடு நிற்கவிடுவதா? அயன் பெட்டி தானாகச் சூடேறியது.

ஆயிரம் ஆண்டுகளாகத் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வரும் புனிதக் கலங்கள் என்று தொடங்கினேன். மூதாதையரின் மூச்சு அவற்றுக்குள் உறைகிறது என்றேன். நெருப்பின் முன் மட்டுமே ஒலிக்கும் இந்த நாதம் இன்று உங்களுக்காக இங்கே வந்திருக்கிறது என்றேன். முழங்காலை விட்டுவிட்டேன்; முழங்காலில் புனிதம் ஏற்றுவது கடினம். கடைசியில் கை தானாக நீண்டு, இருப்பதிலேயே நெளிந்து கறுத்த நடுப் பேணியைச் சுட்டிக்காட்டியது. இவற்றுள் மூத்தது இது என்றேன்.

கூடம் பெருமூச்சு விட்டது. தோல் சட்டைக்காரர் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கைதட்டல் எழுந்தது. கலைஞர் தன் அக்காவின் முழங்காலுக்கு இத்தனை அனுதாபமா என்று நெகிழ்ந்துபோய் எனக்கு நன்றி சொன்னார்.

நான் தண்ணீர் குடிக்க ஓரமாகப் போனேன். மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சேரப்பா, என்ரை சுண்டு எப்ப கோயில் சாமானானது?"

"சத்தம் போடாதை. சபைக்கு ஏத்த மாதிரிக் கொஞ்சம்…"

"அவ பால்பேணி எண்டு சொன்னது எனக்குக் கேட்டது. முன் வரிசையிலை எனக்கும் காது இருக்கு. அந்த மனிசிக்கு முழங்கால் நோ எண்டா, முழங்கால் நோ எண்டு சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன நோகுது?"

அதற்குள் அருங்காட்சியக அம்மையார் கலைஞரிடம் வந்துவிட்டார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மிகுந்த மரியாதையோடு பேசினார். இவ்வளவு தொன்மையான பொருட்களை எதிர்பார்த்து வரவில்லை, வடிவமைப்புப் பகுதிக்கு இவை பொருந்தாது, பழங்குடிப் பகுதியில் இவற்றுக்குத் தனிப்பெட்டி ஒதுக்கலாம் என்றார். நடுவில் இருக்கும் அந்த மூத்த கலத்துக்கு ஏறக்குறைய எத்தனை வயது என்று கேட்டு, பேனையைத் திறந்துகொண்டு நின்றார்.

கலைஞர் என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்கிறா என்று கேட்டார்.

அந்த இடத்திலும் எனக்கு ஒரு வழி இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் தேன் தடவிச் சொல்லிவிட்டு நழுவலாம், தொழில் தெரிந்தவன்தானே. ஆனால் அடைத்த காட்டெருமை நினைவுக்கு வந்தது. செய்தவர் தெரியாது, காலம் பழையது. அந்த அட்டையை இன்றைக்கு எழுதியவன் நான். கொஞ்சம் தள்ளி என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சொல்லிவிட்டேன். அம்மையார் சொன்னதையும், அதற்குக் காரணமான என் சொற்பொழிவையும், ஒவ்வொன்றாக, ஆங்கிலத்தில். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. நெருப்பைப் பற்றிய பகுதி வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நெருப்புக்கு உரியதை நான் விக்கக் கொண்டு வந்திருக்கிறன் எண்டு சொன்னனீங்களோ?"

ஓம் என்றேன். அன்று நான் சொன்ன மிகச் சுருக்கமான சொல் அது.

"என்ரை அக்கா இதைக் கேட்டால் என்னோடை கதைக்க மாட்டா" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அந்தப் பேணி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

உங்களை இவர்கள் குறைவாக நினைக்கக்கூடாது என்று, என்றேன்.

"பால்பேணியைப் பாத்துக் குறைவா நினைச்சது அவையில்லை" என்றார்.

பிறகு மண்டப அம்மணியிடம் எல்லாரையும் திரும்ப உட்காரச் சொல்லும்படி கேட்டார். என்னிடம், நான் ஒவ்வொரு வசனமாகச் சொல்கிறேன், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். வைன் கோப்பைகளோடு சனம் மறுபடி உட்கார்ந்தது.

என் வாழ்க்கையில் இவ்வளவு சிறிய வசனங்களை நான் மொழிபெயர்த்ததில்லை.

இது பால்பேணி. இதில் கட்டிப்பால் இருந்தது. நான் துளை போட்டேன். ஆமையோட்டுச் சதங்கை பாரம், என் அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இது சடங்குப் பொருள் அல்ல. இதை இந்த வருடம் செய்தேன். நடுவில் இருப்பது அந்தக் கதிரையில் இருக்கும் பெண் அரிசி அளந்த பேணி.

எண்பது தலைகள் என் மனைவி பக்கம் திரும்பின. மேடையே பிடிக்காதவள், முதியோர் இல்லத்தில் யாருக்கோ மருந்து கொடுக்கும்போது தலையாட்டுவதுபோல ஒரு தரம் தலையாட்டினாள்.

அடுத்த வசனம் வந்தது. முன்பு நீங்கள் கேட்டவை என் மொழிபெயர்ப்பாளர் தானாகச் சேர்த்தவை. என்னையே நான் படர்க்கையில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நல்லெண்ணத்தால் என்று ஒரு சொல்லைச் செருக நாக்கு துடித்தது. அது அவர் சொல்லாத சொல். விழுங்கிவிட்டேன். ஆனால் ஒரு மூச்சு விட்டு அவரே சொன்னார்: அவர் என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றப் பார்த்தார், எனக்கு அவமானம் எதுவும் இருக்கவில்லை. அதையும் சொன்னேன். குரல் கொஞ்சம் தடுமாறியது. ஒலிவாங்கியில் கோளாறு என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு நன்றி.

தோல் சட்டைக்காரரில் ஒருவர் தன் இறகை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அருங்காட்சியக அம்மையார் குறிப்புப் புத்தகத்தில் எதையோ நீண்ட கோடு போட்டு வெட்டினார். எல்லாம் முடிந்தது, இந்தப் பெண்மணி வந்த காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் கை உயர்த்தினார். அகன்ற தோள், பொல்லு ஊன்றிய கை. முப்பத்தொரு வருடம் கீழே சுரங்கத்தில் வேலை செய்தவராம்.

"எந்த முழங்கால்?" என்று கேட்டார். "இடமா, வலமா?"

நான் அந்த நாலு சொல்லையும் நாலு சொல்லாகவே கொடுத்தேன். இடது என்று பதில் வந்தது.

"எனக்கு ரெண்டும்" என்றார் அவர். "முழங்காலிலை நிண்டுதான் வெட்டினனாங்கள். பேணிக்கும் ஆமை ஓட்டுக்கும் எவ்வளவு பார வித்தியாசம்?"

கலைஞர் கணக்கைச் சொன்னார். கிழவர் அருமை என்பதுபோலத் தலையை ஆட்டினார். அதோடு கூடம் வாய் திறந்தது. கல் ஏன் ஆற்றுக்கல், பேணி துருப்பிடிக்காதா, அக்கா இப்போது ஆடுகிறாவா, காலில் எப்படிக் கட்டுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள். நான் சொற்பொழிவாற்றியபோது ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புனிதக் கலத்திடம் யார் கேள்வி கேட்பார்கள்?

ஆட்டத்தை இங்கே ஆடமாட்டேன், சத்தத்தை மட்டும் காட்டுகிறேன் என்று அவர் சொன்னார். காற்சட்டைக்கு மேலே இரண்டு பேணிச் சதங்கைகளைக் கட்டிக்கொண்டு கூடத்தின் நீளத்துக்கு ஒருமுறை நடந்தார். குதிகால் பதிய, சக், சக் என்று அடர்ந்த, சீரான சத்தம். சுரங்கத்திலிருந்து நிலக்கரி சுழல்பட்டியில் ஏறி வருகிற சத்தம் இது என்று கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

அருங்காட்சியக அம்மையார் புத்தகத்தை மூடாமல் கடைசிவரை இருந்தார். போகும்போது, அறிவிக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

கலைஞரை ரயிலுக்குக் கூட்டிப் போகும்போது மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல பந்தி தயாரித்து வைத்திருந்தேன். தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். சுருக்கமாகச் சொல்லுங்கோ என்றார். பிழை விட்டிட்டன் என்றேன். ஓம் என்றார். அவ்வளவுதான். ரயில் நகரும்போது கண்ணாடிக்குள்ளிருந்து, பேணி குலுக்குவதுபோல இரண்டு தரம் கையை ஆட்டினார்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பல கிழமைகள் சோறு குழைந்தது. பிளாஸ்டிக் குவளையின் கிராம் கோடு எங்கள் அரிசிக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு நாளும் சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கும்போது மனைவி, "புனிதக் கலம் இருந்திருந்தா இப்பிடி வராது" என்பாள்.

அடுத்த வசந்தத்தில் ஒக்லஹோமாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு படைப்பை வாங்கிவிட்டார்கள், போய்ப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். போனோம். வடிவமைப்புப் பகுதியில், ஒரு வளைந்த கதிரைக்கும் மேசைவிளக்குக்கும் நடுவில், நல்ல வெளிச்சத்தில் தொங்கியது. கீழே அட்டையில் அவருடைய பெயர், சிக்கசா, ஆண்டு. பொருட்கள்: அலுமினியம், பால்பேணிகள், ஆற்றுக்கற்கள். அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: நடுப் பேணி அரிசி அளவை, டோர்ட்மண்ட், தந்தவர் என்று என் மனைவியின் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. அந்த அட்டையில் எனக்கு மிகச் சரியான இடம் அதுதான்.

மனைவி நெடுநேரம் பார்த்தாள். "பேரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கினம்" என்றாள். "நீங்கள் எழுதிக் குடுக்கேல்லைப் போலை."

அந்த மாதமே எங்கள் ஆள் ஒருவரோடு வைத்தியரிடம் போனேன். வைத்தியர் வழக்கம்போல என்னைப் பார்த்து நீண்ட கேள்வி கேட்டார். நம்மவர் "நோகுது" என்றார். பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துவிட்டேன். பிறகு அந்த ஒரு சொல்லை ஒரு சொல்லாகவே கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வைத்தியர் என்னிடமிருந்து கண்ணை எடுத்து, கதிரையைத் திருப்பி, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். எங்கே நோகிறது என்று அவரிடமே கேட்டார். அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் காட்டினார். இருபது வருடமாக இந்த இரண்டு பேருக்கும் நடுவில், நன்றாக அயன் போட்ட சட்டையோடு, மறைத்துக்கொண்டு நின்றவன் நான் என்பதை இன்றைக்கும் ஒவ்வொரு தடவை வாய் திறக்கும் முன்பும் நினைத்துக்கொள்கிறேன்.